மெட்டாலிகா லைவ்: ஆல்பம் கேட்டுப் பழகிய காதுக்கு ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது?

செம்பனை_ஷிப்ட் எழுதியது:

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு கேள்வி. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

எனக்கு ஊர் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிறது, இருந்தாலும் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. விடியற்காலையில் மோட்டாரில் வீடு திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போன், அதில் மெட்டாலிகா, அந்த அமெரிக்க ஹெவி மெட்டல் குழு. முதல் ஐந்து ஆல்பமும் எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் கிதார் வெட்டி நிற்கும், எந்த இடத்தில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மூச்சு எடுப்பார் என்பதுவரை தெரியும்.

என் மச்சான் சொல்கிறார், "லைவ் கேட்காதவன் மெட்டாலிகா கேட்டதாகவே கணக்கில்லை" என்று. சரி என்று யூடியூபில் உட்கார்ந்தேன். மூன்று பாட்டுக்கு மேல் முடியவில்லை. சுருதி கீழே இருக்கிறது. வரியின் கடைசிச் சொல்லை இழுத்துப் பாடாமல் வெட்டிவிட்டு "யே" என்கிறார். ஒரு வருடத்து வீடியோவில் தலைதெறிக்க ஓடுகிறார்கள், இன்னொன்றில் மாட்டு வண்டி. டிரம்ஸ் பற்றிக் கீழே போட்டிருக்கும் கமெண்ட்களைப் படித்தால் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிக் ஏதோ கொலை செய்துவிட்டார் போல் இருக்கிறது.

என் காதில் கோளாறா, இல்லை மச்சான் பந்தா விடுகிறாரா? எந்த வருடத்துக் கச்சேரியிலிருந்து ஆரம்பிக்கலாம்? அப்புறம், இவர்கள் இந்தப் பக்கம் எப்போதாவது மறுபடி வந்தால் போவதற்காக ஒரு பிஸ்கட் டின்னில் 700 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மா அது மோட்டார் டயருக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு காசுக்கு இது தகுமா?

---

லயத்து_கிதார் பதில்:

தம்பி, உன் காதும் சரி, மச்சானும் சரி.

முதலில் சுருதி. நீ சொல்வது உண்மைதான். பழைய பாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஸ்டூடியோவில் வழக்கமான சுருதியில் பதிவு செய்தார்கள். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து மேடையில் அரைக்கட்டை இறக்கித்தான் வாசிக்கிறார்கள். பாடுகிறவர் தொண்டை மனிதத் தொண்டை. அதுவும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தொண்டை ஒரு தடவை கெட்டுப்போய், அதற்குப் பிறகுதான் முறையாகக் குரல் பயிற்சிக்கே போனார். இருபது வயதில் கத்தியதை அறுபது வயதில், வாரத்தில் இரண்டு இரவு, இரண்டு மணி நேரம் கத்தச் சொன்னால் யாரால் முடியும்? வரியின் கடைசியை வெட்டுவது பழக்கமாகவே ஆகிவிட்டது, அது எனக்கும் பிடிக்காது. சில பாட்டுகளில் அந்த "யே" வரும்போது டிவியை அணைத்துவிடலாமா என்று இருக்கும்.

ஆனால் நீ ஆல்பத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு லைவ் கேட்கிறாய், அதுதான் வம்பு. தையற்காரரிடம் கொடுத்த சட்டையோடு ஒப்பிட்டு உடம்பைக் குறை சொல்வது மாதிரி. ஆல்பத்தில் இல்லாதது என்ன இருக்கிறது என்று தேடிக் கேள். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், அது போதும்.

1988இல் வந்த 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தை எடு. உனக்கு மனப்பாடம் என்கிறாய். அதில் பேஸ் கிதார் எங்கே கேட்கிறது, சொல்லு? கேட்காது. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் விபத்தில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு ஜேசன் நியூஸ்டெட் வந்து வாசித்த முதல் முழு ஆல்பம் அது. கலவை செய்யும்போது அவர் வாசித்ததைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கு இறக்கிவிட்டார்கள். இத்தனை வருடமாக ரசிகர்கள் இதற்காகச் சண்டை போடுகிறார்கள். இப்போது 1989 ஆகஸ்டில் சியாட்டிலில் எடுத்த வீடியோவைப் போடு, அதே பாட்டுகள். பேஸ் இருக்கிறது! நியூஸ்டெட் தலைமுடியைச் சுழற்றிக்கொண்டு, விரலால் அல்ல, பிக்கால் அடிக்கிற அடி நெஞ்சில் விழுகிறது. அந்த ஆல்பத்துக்கு அன்றைக்குத்தான் அடித்தளம் போட்டார்கள் என்று தோன்றும். மேடையில் நீதி தேவதை சிலை ஒன்று நிற்கும், கடைசியில் அது உடைந்து விழும். செட்டைப் பார்த்தால் இப்போது கொஞ்சம் கோயில் திருவிழா ஜோடனை மாதிரிதான் தெரியும், ஆனால் வாசிப்பு! நான்கு பேருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது. அந்த வேகம் அவர்களுக்கே திரும்பி வரவில்லை, வரவும் வராது. என் கணக்கில் அவர்களுடைய உச்சம் அதுதான். 1991இல் மாஸ்கோ துஷினோ விமான மைதானத்தில் வாசித்ததை எல்லாரும் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். அங்கே கூட்டம் பெரிது, ராணுவ வீரர்கள் நிற்பது, தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றுவது எல்லாம் பார்க்கப் பார்க்க மயிர்க்கூச்செறியும், ஆனால் அது கண்ணுக்கு. காதுக்கு சியாட்டில்.

ஒரு பக்கக் கதை. 1992 ஆகஸ்டில் மான்ட்ரியலில் மேடையில் வெடி தப்பான நேரத்தில் வெடித்து ஹெட்ஃபீல்டின் இடது கை வெந்துபோனது. கொஞ்ச நாளிலேயே கட்டுப் போட்ட கையோடு மேடையேறிப் பாடினார், கிதாரை வேறு ஒருவர் வாசித்தார். நம் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நிற்பது எனக்கு ஞாபகம் வரும்.

இனி 2013. ஆகஸ்ட் 21, கோலாலம்பூர் ஸ்டேடியம் மெர்டேகாவில் மெட்டாலிகா. நான் போனேன். நாங்கள் நான்கு பேர், ஒரே பழைய கார், ஈஜோக் வழியாக. வண்டியை எங்கேயோ போட்டுவிட்டு பெட்டாலிங் ஸ்திரீட் பக்கமிருந்து நடந்தோம். மேட்டில் ஏறினதும் அந்த நான்கு விளக்குக் கோபுரமும் தெரிந்தது. 1957இல் சுதந்திரம் அறிவித்த இடம் அது, எங்கள் தாத்தா பேப்பரில் பார்த்த இடம். உள்ளே கறுப்பு டி-சட்டைக் கடல். 'மாட் ரோக்' என்கிற மலாய்க்கார ரோக் ரசிகப் பையன்கள், கெப்போங் பக்கத்துச் சீன அங்கிள்கள், நடுவில் நாங்கள். விளக்கை அணைத்து அந்த மோரிக்கோனே இசையைப் போட்டார்கள். 1966இல் ஒரு கௌபாய் படத்துக்குப் போட்டது, 1983இலிருந்து இவர்கள் மேடையேறுவது அதில்தான். பாட்டே இன்னும் ஆரம்பிக்கவில்லை, என் பக்கத்தில் நின்ற மீசைக்காரர் அழுகிறார். ஐம்பது வயதிருக்கும். யாரென்றே தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

போனில் ரெக்கார்ட் செய்தேன். வீட்டில் வந்து போட்டால் நான் கத்துவது மட்டும்தான் கேட்கிறது. அதை இன்னும் அழிக்கவில்லை.

---

உறுமிக்காரன்_ஈஜோக் பதில்:

டிரம்ஸ் பற்றிக் கேட்டதால் வருகிறேன். பதினோரு வருடமாக உறுமி மேளக் குழுவில் இருக்கிறேன், தைப்பூசத்துக்கு பத்துமலை, மற்ற நாளில் அக்கம்பக்கத்துத் தோட்டக் கோயில்கள்.

லார்ஸைத் திட்டுகிறவர்கள் பாதிப் பேர் குச்சியைக் கையில் பிடித்திருக்க மாட்டார்கள். காவடி எடுக்கிறவர் முன்னால் உறுமியை இழுத்துப் பார், அப்போது தெரியும். வளைந்த குச்சியை ஒரு பக்கத் தோலில் அழுத்தி இழுக்கும்போது அது உறுமும். அந்த உறுமலின் நீளம் நான் வீட்டில் பயிற்சி எடுத்த நீளமாகவே இருக்காது. எதிரில் அருள் வந்து ஆடுகிறவரின் கால்தான் எனக்குத் தாளம். அவர் கால் வேகமானால் என் கையும் வேகமாகும், பின்னால் தவில்காரர் என்னை முறைப்பார், அப்புறம் அவரும் ஏறிவிடுவார். கூட்டத்தைப் பார்த்து வாசிக்கிறவன் கை ஏறத்தான் செய்யும். எண்பதுகளில் இவர்கள் ஆல்பத்தைவிட வேகமாக வாசித்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அதற்காக நான் முட்டுக்கொடுக்கவில்லை. இரட்டைப் பெடல் வரும் இடங்களில் 1989இல் இருந்த சுத்தம் இப்போது இல்லை. சில இடத்தில் கால் அடியைக் குறைத்துக்கொண்டு கையால் சமாளிக்கிறார், சிம்பல் சத்தத்தில் மூடிவிடுகிறார். வயதான தவில் வித்வான்களும் இதைத்தான் செய்வார்கள், ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டே செய்வதால் நாம் மன்னிக்கிறோம். லார்ஸும் நாக்கை நீட்டிக்கொண்டுதான் செய்கிறார், ஏனோ அவரை மன்னிக்க மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று. 2023இல் ஆரம்பித்த சுற்றுப்பயணத்தில் மைதானத்துக்கு நடுவில் வளையம் மாதிரி மேடை போட்டார்கள், வளையத்துக்கு உள்ளேயும் ரசிகர்கள். நான்கு இடத்தில் நான்கு டிரம் செட்டு, லார்ஸ் இடம் மாறி மாறி உட்காருகிறார். எல்லாருக்கும் கொஞ்ச நேரமாவது முகம் தெரிய வேண்டும் என்று. நாங்கள் கோயிலைச் சுற்றி வந்து நான்கு மூலையிலும் நின்று அடிக்கிறோமே, அதேதான். ஒரே ஊரில் இரண்டு இரவு, இரண்டாவது இரவில் முதல் இரவுப் பாட்டு ஒன்றுகூட வராது. சரக்கு இருக்கிறவனால்தான் அப்படிச் சவால் விட முடியும்.

---

ரிட்டயர்ட்_கிராணி பதில்:

தம்பிமார்களே, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் காலத்தில் ரோக் என்றால் சர்ச் (Search), விங்ஸ் (Wings) என்ற மலாய்க் குழுக்கள்தான். தோட்டத்து கிளப் ஹவுஸில் ஒரு கேசட் பிளேயர் இருக்கும். பையன்கள் ஸ்கோர்ப்பியன்ஸ் பாட்டை வார்த்தை புரியாமல் பாடுவார்கள், சர்ச் பாட்டைப் புரிந்து பாடுவார்கள். பினாங்கு அலிகேட்ஸ் குழு வேறு, டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் நம் பிள்ளைகள் மலாயில் பாடி நாடு முழுக்கப் பெயர் எடுத்தார்கள் என்று எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை, அது ரோக் இல்லை என்றாலும்கூட. முடி வளர்த்தவனைக் கண்டால் தோட்டத்து ஆபிஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு ஆகாது. 1992இல் நீள முடிக்காரர்களுக்கு அரசாங்க டிவி ஆர்.டி.எம்.மில் இடமில்லை என்று ஆகி, சர்ச் பாடகர் ஏமியும் விங்ஸ் பாடகர் ஆவியும் (Awie) முடியை வெட்டிக்கொண்ட நாளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு பையன்கள் சோறு சாப்பிடவில்லை. அதில் ஒருவன் என் தம்பி. 2001இல் பிளாக் மெட்டல் இசை கேட்கிறவர்களைப் பற்றி நாட்டில் பீதி வந்தபோது அவன் தன் பழைய கறுப்புச் சட்டைகளை எல்லாம் அம்மாவின் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்தான், அப்போது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது! 2003இல் லிங்கின் பார்க் இதே மெர்டேகாவுக்கு வந்தபோது அரைக்கால்சட்டை போடக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை. ஆகவே 2013இல் மெட்டாலிகா வந்ததே பெரிய விஷயம். அந்த மீசைக்காரர் ஏன் அழுதார் என்று எனக்குப் புரிகிறது, லயத்து கிதார்.

சரி, என் குறைக்கு வருகிறேன். மெட்டாலிகா இல்லை, வேறொரு பெரிய குழுவின் கச்சேரிக்கு மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். மலிவு டிக்கெட், மைதானத்தின் கடைசி மூலை. குச்சி விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, அடி பிறகு வருகிறது. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், நூறு மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். திரையில் பாடுகிறவர் வாயும் பாட்டும் பழைய டப்பிங் படம் மாதிரி ஆகிவிட்டது. காற்று திரும்பும்போதெல்லாம் கிதார் போய்ப் போய் வந்தது. இரண்டு மணி நேரம் நின்று, திரும்பும்போது கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வர இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஆகவே தம்பி, போவதென்றால் ஒலிக் கலவை மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில் நில். கலவை செய்கிறவர் தன் காதுக்குத்தானே சரி செய்வார்? முன்வரிசைக்கு முட்டி மோத வேண்டாம், அங்கே டிரம்ஸும் மேடை ஸ்பீக்கரும்தான் கேட்கும், பாட்டு தலைக்கு மேலே போய்விடும்.

காதடைப்பான் வாங்கிக்கொள். ஃபார்மசியில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பஞ்சுகூடப் பரவாயில்லை. லார்ஸ் உல்ரிக்குக்கே காதில் ரீங்காரம் நிற்பதில்லை என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நீ வேறு ஆலையில் பாய்லர் சத்தத்தில் வேலை செய்கிறாய்.

---

பெர்ஜுந்தை_அக்கா பதில்:

கிராணி அங்கிள் சொன்ன இடம் சரி, ஆனால் ஒலிமேசைப் பக்கம் உயரமான ஆண்கள் மதில் மாதிரி நிற்பார்கள். என் உயரம் ஐந்தடி. நான் 2013இல் பார்த்தது பெரும்பாலும் பிடரிகள்தான். முன்னால் நின்ற இரண்டு மலாய்த் தங்கச்சிகள், தலையில் துடோங், மேலே கறுப்பு டி-சட்டை, என்னை இழுத்துத் தங்களுக்கு நடுவில் விட்டார்கள், அதற்கப்புறம்தான் ஹெட்ஃபீல்ட் வெள்ளை கிதார் வைத்திருக்கிறாரா கறுப்பா என்றே தெரிந்தது. கழிவறை வரிசை பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1999 ஏப்ரலில் பெர்க்லியில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்தார்களே, மைக்கேல் கேமன் நடத்தியது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம் தம்பி. மெட்டல் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். சில பாட்டில் வயலின்கள் இடம் தெரியாமல் முட்டிக்கொள்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெதுவான பாட்டுகளில் அந்தக் கொம்பு வாத்தியங்கள் கீழேயிருந்து எழும்பும்போது, இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். எங்கள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து "இது யாருடைய படம்?" என்று கேட்டார். சியாட்டில் வீடியோவைப் போட்டபோது அவர் கேட்டது "யாருக்கு என்ன ஆச்சு?"

லயத்து கிதார் அண்ணே, உச்சம் 1989 என்று முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அது ஒத்துவராது. அப்போது ஹெட்ஃபீல்ட் கத்தினார், 1993 மெக்சிகோ சிட்டிப் பதிவில்தான் பாடுகிறார். ஐந்து இரவு அங்கே, கூட்டம் கிதார் இசையையே வாயால் பாடுகிறது. குரலுக்கும் வேகத்துக்கும் நடுவில் ஒரு வருடம் எடுக்கச் சொன்னால் நான் 1993தான் எடுப்பேன்.

---

லயத்து_கிதார் பதில்:

அக்கா, மெக்சிகோ நல்ல பதிவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டுக்கு நடுவில் கூட்டத்தைப் பாடவைத்துக்கொண்டு நீட்டுகிறார்களே, அந்த நேரத்தில் நான் ஒரு தே தாரிக் டீ கலக்கிக் குடித்துவிடலாம்.

இதைச் சொல்ல மறந்தேன்: 2013 டிசம்பரில் அண்டார்க்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சுமார் 120 பேருக்கு வாசித்தார்கள். கூடாரத்துக்குள், ஸ்பீக்கர் இல்லாமல், எல்லாருக்கும் ஹெட்போன். கிராணி அங்கிளுக்கு ஏற்ற கச்சேரி. தாமதம் இல்லை, காற்று இல்லை, கார் நிறுத்துமிடமும் இல்லை.

---

ரிட்டயர்ட்_கிராணி பதில்:

அங்கே போக டிக்கெட் எடுத்துத் தருகிறாயா?

---

செம்பனை_ஷிப்ட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஓய்வு நாள், மச்சான் வீட்டுக்குப் போய் சியாட்டில் போட்டோம். அவரிடம் பழைய பெரிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது, கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டது. லயத்து கிதார் அண்ணே, அந்த பேஸ்! இத்தனை வருடம் ஒரு காதில் இயர்போன் போட்டுக் கேட்டதால்தான் எனக்கு அது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆல்பத்திலேயே இல்லையாம். இரண்டாவது பாட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். மச்சான் சத்தத்தைக் குறைத்தார், பாட்டி உள்ளே வந்து உட்கார்ந்து மூன்று பாட்டு பார்த்துவிட்டு, "அந்தப் பையன் கழுத்து வலிக்காதா?" என்று நியூஸ்டெட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்.

உறுமி அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு டிரம்ஸை மட்டும் பார்த்தேன். ஓடுகிறார்தான். ஆனால் ஹெட்ஃபீல்ட் திரும்பி அவரைப் பார்க்கிறார், அவர் இவரைப் பார்த்து நாக்கை நீட்டுகிறார், இரண்டு பேரும் சேர்ந்தே ஓடுகிறார்கள். ஆல்பத்தில் இது தெரியவே தெரியாது. அந்த "யே" மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை.

அக்கா, மெக்சிகோவை அடுத்த ஓய்வு நாளுக்கு வைத்திருக்கிறேன்.

பிஸ்கட் டின் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துபோனது. மழையில் ஈஜோக் வளைவில் மோட்டார் வழுக்கிவிட்டது, அடி ஒன்றும் இல்லை, ஆனால் பின் டயரைப் பார்த்துவிட்டு அவர் நேராக டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். டயர் மாற்றியாயிற்று. காதடைப்பானும் வாங்கினேன், ஆலையில் போட்டுக்கொள்கிறேன். மீதி 520 வெள்ளி இருக்கிறது.